கரை ஏறும் மொபெட்

தஞ்சாவூர்ச் சீமையில் மலை இல்லை. கல்லணையிலிருந்து கடற்கரை வரையில் நிலம் ஏறத்தாழத் தட்டையாகவே கிடக்கிறது. ஆனாலும் இங்கே மேடுகள் உண்டு. அவை ஆற்றங்கரைகள். வெள்ளம் வயலுக்குள் புகாமல் இருக்க, ஆறுகளின் இருபுறமும் கரைகளை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். வயலிலிருந்து நெல் மூட்டையுடன் கொள்முதல் நிலையத்திற்குப் புறப்படும் வண்டி, எங்கேனும் ஒரு கரையின்மீது ஏறித்தான் ஆகவேண்டும்.

அந்த வண்டி பல வீடுகளில் ஒரு மொபெட். 1980 ஆம் ஆண்டு ஒசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இந்தியாவில் இருவர் அமர்ந்து செல்லக்கூடிய முதல் மொபெட் அது. அதன் வழியில் எக்ஸ்.எல். வண்டிகள் வந்தன. புல்லுக்கட்டு, உர மூட்டை, பால் கேன், நெல் மூட்டை எல்லாவற்றையும் இவை சுமக்கின்றன. இவ்வண்டிகளில் கிளட்ச் பிடி கிடையாது, கியரும் கிடையாது. கைப்பிடியை முறுக்கினால் வண்டி நகர்கிறது, அவ்வளவுதான்.

இதை இன்னும் 'பலமாக' ஆக்கிவிடலாம் என்று சில அண்ணன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். "சைலன்சருக்குள் இருக்கும் குழாயை எடுத்துவிடு, கிளட்ச் ஸ்பிரிங்கை முரட்டு ஸ்பிரிங்காக மாற்று, வண்டி பறக்கும்" என்பார்கள். சேற்றிலும் மணலிலும் ஓடுவதற்கென்று வெளிநாடுகளில் விற்கும் ஏ.டி.வி. என்ற நான்கு சக்கர வண்டிகளிலும் முதலில் கைவைக்கப்படுபவை கிளட்சும் சைலன்சரும்தான். இந்த யோசனையில் உண்மை எவ்வளவு? கொஞ்சம் பௌதிகத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பார்ப்போம்.

கரை மேட்டில் ஒரு கணக்கு

வண்டியின் எடை 90 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ, 40 கிலோ நெல் மூட்டைகள் இரண்டு 80 கிலோ. மொத்தம் 230 கிலோ. பத்து மீட்டர் தூரத்திற்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் இதை ஏற்ற, எடையில் பத்தில் ஒரு பங்கு விசை வேண்டும். அதாவது ஏறத்தாழ 230 நியூட்டன். சேற்றின் தடையையும் காற்றின் தடையையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

சக்கரத்தின் ஆரம் சுமார் 27 சென்டிமீட்டர். ஆகவே சக்கரத்தின் அச்சில் தேவைப்படும் முறுக்கு விசை 230 × 0.27 = 62 நியூட்டன் மீட்டர்.

எஞ்சின் தருவது எவ்வளவு? 2015 இல் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியின் எஞ்சின் 99.7 சி.சி. கொள்ளளவு உடையது. அதன் மிக உயர்ந்த முறுக்கு விசை 6.5 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்திற்கு 3500 சுற்றுகளில் மட்டும். ஆகையால் எஞ்சின் பத்துச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்படி பல்சக்கரங்களை அமைக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் 6.5 என்பது 65 ஆகி, கரை ஏற மட்டுமட்டாகப் போதும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எஞ்சின் 3500 சுற்றினால் சக்கரம் 350 சுற்ற வேண்டும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.7 மீட்டர். அப்படியானால் வண்டி மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்! மூட்டைகளுடன் கரையடியில் நின்றுகொண்டிருக்கும் வண்டியின் சக்கரமோ சுற்றவே இல்லை. ஒரு பக்கம் ஆயிரக்கணக்கில் சுற்றும் எஞ்சின், மறுபக்கம் அசையாத சக்கரம். இவ்விரண்டையும் இணைத்துவைக்கும் இடைத்தரகர்தான் கிளட்ச்.

தானே பிடிக்கும் கிளட்ச்

மொபெட்டில் இருப்பது மையவிலக்குக் கிளட்ச். இதன் அமைப்பு எளியது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு தட்டில், வளைந்த ஷூக்கள் சில பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் முதுகில் உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், ஒட்டப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் இந்த ஷூக்களை உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். இவற்றைச் சுற்றி ஒரு வட்டமான டிரம். சக்கரத்திற்குச் செல்லும் வழி அந்த டிரம்மிலிருந்து தொடங்குகிறது.

எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஸ்பிரிங்கே வெல்கிறது, ஷூக்கள் டிரம்மைத் தொடுவதில்லை, வண்டி நிற்கிறது. கைப்பிடியை முறுக்கியதும் சுற்று கூடுகிறது, ஷூக்கள் வெளிநோக்கி விலகி டிரம்மை அழுத்துகின்றன, வண்டி நகர்கிறது. 1958 இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியிலும் மையவிலக்குக் கிளட்ச் உண்டு. உணவுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி மறு கையால் ஓட்டவேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களின் நோக்கங்களுள் ஒன்று. வரப்போரத்தில் சுமையோடு போகும் நம் விவசாயிக்கும் இது அதே வசதியைத் தருகிறது.

இதில் செயல்படும் விதியை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். மையவிலக்கு விசை என்பது நிறை, ஆரம், கோண வேகத்தின் இருமடி ஆகியவற்றின் பெருக்கல் பலன். 'இருமடி' என்ற சொல்லைக் கவனியுங்கள். சுற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

100 கிராம் நிறையுள்ள ஒரு ஷூ, மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தூரத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 1500 சுற்றுகளில் அதன் மையவிலக்கு விசை சுமார் 10 கிலோ எடைக்குச் சமம். 3000 சுற்றுகளில் அது 40 கிலோ எடைக்குச் சமமாகிவிடும்.

இப்போது ஸ்பிரிங்கைச் சேர்த்துக் கணக்கிடுவோம். ஸ்பிரிங் 20 கிலோ எடையளவு விசையால் உள்ளே இழுக்கிறது என்க. ஷூ டிரம்மைத் தொடத் தொடங்குவது சுமார் 2100 சுற்றுகளில். 3000 சுற்றுகளில் டிரம்மின்மேல் விழும் அழுத்தம் 40 – 20 = 20 கிலோ எடையளவு.

நமது அண்ணன் சொன்ன முரட்டு ஸ்பிரிங்கைப் போடுவோம். அது 30 கிலோ எடையளவு விசையால் இழுக்கட்டும். இப்போது ஷூ தொடுவதே சுமார் 2600 சுற்றுகளில்தான். எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்புவதால் வண்டி துள்ளிப் புறப்படுவதுபோல் தோன்றும். ஆனால் 3000 சுற்றுகளில் அழுத்தம் 40 – 30 = 10 கிலோ எடையளவுதான்! பிடிமானம் பாதியாகிவிட்டது. தனி ஆளாகப் போகும்போது இது தெரியாது. மூட்டையுடன் கரை ஏறும்போது ஷூ வழுக்கும்.

சரி, ஷூவைக் கனமாக்கினால்? பிடிமானம் கூடும் என்பது உண்மை. ஆனால் அது குறைந்த சுற்றிலேயே பிடித்துவிடும். எஞ்சினுக்குப் போதிய முறுக்கு விசை வருவதற்கு முன்பே சுமை முழுவதும் அதன் தலையில் ஏறும். எஞ்சின் திணறி நின்றுவிடும். ஆக, ஷூவின் எடையும் ஸ்பிரிங்கின் இழுவையும் அந்தந்த எஞ்சினின் முறுக்கு விசை எந்தச் சுற்றில் நன்றாக இருக்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்யப்பட்டவை. ஏ.டி.வி. வண்டிகளில் இருப்பது பெல்ட்டும் கப்பியும் சேர்ந்த அமைப்பு. அங்கும் எடைகளையும் ஸ்பிரிங்குகளையும் மாற்றுவோர் எதிர்கொள்ளும் கேள்வி இதுவேதான்.

வழுக்கலின் விலை வெப்பம். எஞ்சின் பக்கம் 2400 சுற்று, டிரம் பக்கம் 1200 சுற்று என்று இருந்தால், எஞ்சின் தரும் திறனில் சரிபாதி கிளட்சுக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. கரைச் சரிவின் நடுவில் பிரேக் பிடிக்காமல், கைப்பிடியை முறுக்கியபடி வண்டியை அந்தரத்தில் நிறுத்திவைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்போது சக்கரம் சுற்றுவதே இல்லை. ஆகவே திறன் முழுவதும் வெப்பம்தான். லைனிங் கருகுவது இப்படித்தான். மேட்டுக்கு முன்பே வேகம் எடுத்து ஒரே மூச்சில் ஏறுபவர், இந்தக் கணக்கை அறியாமலே சரியாகச் செய்கிறார்.

புகையோடு போகும் அலை

இனி சைலன்சருக்கு வருவோம். சைலன்சர் என்றால் சத்தத்தை அடக்குவது என்று பொருள். பழைய இரு வீச்சு எஞ்சின்களில் அது செய்துவந்த வேலை அதைவிடப் பெரியது.

டி.வி.எஸ். 50 உட்பட அக்கால மொபெட்டுகளில் இருந்தவை இரு வீச்சு எஞ்சின்கள். இவற்றில் வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரில் துளைகள் உண்டு. பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை வெளியேறும் துளை திறக்கும்; அடுத்து, புதிய பெட்ரோல் கலவை நுழையும் துளை திறக்கும். சிறிது நேரம் இரண்டுமே திறந்திருக்கும். அந்த நேரத்தில், உள்ளே வந்த புதிய கலவையில் ஒரு பகுதி, புகையின் பின்னாலேயே வெளியே ஓடிவிடும். வாய்க்காலில் மேல்மடையும் கீழ்மடையும் ஒன்றாகத் திறந்திருந்தால் வயலில் தண்ணீர் நிற்குமா? அந்தக் கதைதான்.

இந்தக் கீழ்மடையை அடைப்பது யார்? ஓர் அலை. புகைத்துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. அது ஒலியின் வேகத்தில் செல்லும். சூடான புகையில் அந்த வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்புகிறது. குழாய் குறுகும் இடத்தில் அழுத்தும் அலையாகத் திரும்புகிறது. காற்றுத் தம்பங்களின் திறந்த முனை, மூடிய முனை பற்றிய பாடத்தை நினைவுகூருங்கள். முதலில் வரும் உறிஞ்சும் அலை மீதிப் புகையை வெளியே இழுக்கும். பின்னால் வரும் அழுத்தும் அலை, தப்பி ஓடும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும். அலை சரியான நேரத்தில் வந்துசேர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இந்த அலையை ஆழ்ந்து ஆராய்ந்தவர், கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் பணியாற்றிய பொறியாளர் வால்ட்டர் காடன். 1950களில் ஆஸிலோஸ்கோப் கருவியின் உதவியால் குழாயின் அலைகளைக் கவனித்து, நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கிய புகைக்குழாயைச் செப்பனிட்டார். 1961 இல் அவருடைய 125 சி.சி. பந்தய எஞ்சின் சுமார் 25 குதிரைத் திறனைத் தந்தது. லிட்டருக்கு 200 குதிரைத் திறன்! அதே ஆண்டு ஸ்வீடன் நாட்டுப் பந்தயத்தின்போது, அக்குழுவின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பிச் சென்றார். காடனின் நுட்பங்களும் அவருடன் ஜப்பானின் சுசூகி நிறுவனத்திற்குச் சென்றன. 1962 இல் 50 சி.சி. உலகப் பட்டத்தை டெக்னர் சுசூகி வண்டியில் வென்றார்.

அதுவும் 50 சி.சி., டி.வி.எஸ்.ஸும் 50 சி.சி. அந்தக் குழாயை இதில் மாட்டினால் என்ன? மீண்டும் கணக்கு. நிமிடத்திற்கு 10,000 சுற்றுகளில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 6 மில்லி வினாடி. புகைத்துளை 360 பாகையில் 160 பாகை திறந்திருந்தால், அது திறந்திருக்கும் நேரம் 2.7 மில்லி வினாடி. அந்நேரத்தில் அலை சுமார் 1.33 மீட்டர் ஓடும். போய் வர வேண்டுமாகையால் குழாயின் நீளம் அதில் பாதி, ஏறத்தாழ 67 சென்டிமீட்டர். 5000 சுற்றுகளுக்கு அதே கணக்கைப் போட்டால் நீளம் 1.33 மீட்டர் வருகிறது. 10,000 சுற்றுகளுக்கான குழாயை 5000 சுற்றும் எஞ்சினில் மாட்டினால், அலை பாதி நேரத்திலேயே திரும்பிவந்து, வெளியேற வேண்டிய புகையைத் தடுக்கும். உதவிக்கு வந்தவன் உபத்திரவமாகிவிடுவான்.

பந்தயக் குழாய் மிகக் குறுகிய சுற்று எல்லைக்குள் மட்டுமே நன்மை செய்யும். எஞ்சினை அந்த எல்லைக்குள்ளேயே வைத்திருக்க நிறைய கியர்கள் வேண்டும். 1967 ஆம் ஆண்டின் சுசூகி 50 சி.சி. பந்தய வண்டி நிமிடத்திற்கு 17,000 சுற்றுகளுக்கு மேல் சுற்றியது. அதில் எத்தனை கியர்கள் தெரியுமா? பதினான்கு! நம் மொபெட்டில் ஒன்றே ஒன்று. பந்தய வண்டிக்கு உச்சத்தில் ஒரு துளி நேரம் கிடைக்கும் திறன் போதும். நெல் மூட்டை வண்டிக்குக் கீழிருந்து மேல்வரை பரவலாகக் கிடைக்கும் இழுவை வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கேடு.

உள்குழாயை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் இப்போது விளங்கும். திரும்பி வரவேண்டிய அலையின் ஒழுங்கு கெடும். புதிய கலவை கூடுதலாக வீணாகும். இழுவை குறையும், பெட்ரோல் செலவு கூடும். சத்தம் மட்டும் பெருகும். சத்தத்தை வேகம் என்று நம் காது நினைத்துக்கொள்கிறது.

உண்மையான மேம்பாடு எது?

எக்ஸ்.எல். சூப்பர் வண்டியின் 69.9 சி.சி. இரு வீச்சு எஞ்சின் 3750 சுற்றுகளில் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தந்தது. எக்ஸ்.எல். 100 வண்டியின் நான்கு வீச்சு எஞ்சின் 3500 சுற்றுகளில் 6.5 நியூட்டன் மீட்டர் தருகிறது. இழுவையும் கூடியிருக்கிறது, அது குறைந்த சுற்றிலேயே கிடைக்கவும் செய்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் கீழ்மடையை வால்வே அடைத்துவிடுவதால் கலவை வீணாவது மிகக் குறைவு. எஞ்சின், கிளட்ச், சைலன்சர் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வடிவமைத்ததனால் கிடைத்த மேம்பாடு இது.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசு விதி நடைமுறைக்கு வந்தபின், சைலன்சருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கி அதற்குள் இருக்கிறது. புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து, எவ்வளவு பெட்ரோல் தெளிக்கலாம் என்று எஞ்சினுக்குச் சொல்லும் உணர்வியும் பல வண்டிகளில் உண்டு. இவ்வண்டிகளில் சைலன்சரை வெட்டுவது, வைத்தியரின் கண்ணைக் கட்டிவிட்டு மருந்து கேட்பதற்கு ஒப்பாகும். தவிரவும், உற்பத்தியாளர் தந்த அமைப்பை மாற்றுவதை 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தடை செய்கிறது. 50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் அச்சட்டமே.

அப்படியானால் வீட்டிலுள்ள மொபெட்டின் இழுவையைக் கூட்ட வழியே இல்லையா? இழந்த இழுவையை மீட்க வழி உண்டு. பழைய இரு வீச்சு வண்டி என்றால், பெட்ரோலுடன் கலந்த எண்ணெய் எரிந்து சைலன்சருக்குள் கரி படிந்திருக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்துக் கரியை எடுத்தாலே வித்தியாசம் தெரியும். தேய்ந்த லைனிங்கை மாற்றுவது, டயரில் காற்றை அளவாக வைப்பது, செயினைச் சரிசெய்து எண்ணெய் இடுவது ஆகியவையும் அப்படியே. இவற்றில் எதுவும் உறுமாது. ஆனால் மூட்டை கரை ஏறும்.

செய்து பாருங்கள்

மை தீர்ந்த பேனாவின் வெறுங்குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலை அதற்குள் நுழைத்து, மேல்முனையில் 10 கிராம் எடையுள்ள ரப்பர் துண்டைக் கட்டுங்கள். கீழ்முனையில் 20 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் 30 சென்டிமீட்டர் ஆரத்தில் சுற்றும்படி தலைக்குமேல் சுழற்றுங்கள். தொங்கும் எடை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பத்து வினாடியில் எத்தனை சுற்று என்று நண்பரை எண்ணச் சொல்லுங்கள். சுமார் 13 வரும். பிறகு தொங்கும் எடையை 80 கிராமாக்குங்கள். எடை நான்கு மடங்கானது. சுற்றும் நான்கு மடங்காக வேண்டுமா? எண்ணிப் பாருங்கள். சுமார் 26 தான் வரும்.

தொங்கும் எடைதான் கிளட்சின் ஸ்பிரிங். சுற்றும் ரப்பர்தான் ஷூ. ரப்பரின் எடையை 20 கிராமாக்கினால் என்ன ஆகும்? முதலில் கணக்கிட்டு விடையை எழுதி வையுங்கள். பிறகு சுற்றிச் சரிபாருங்கள்.